மடியில் கிண்ணம் வைத்த பெண்

அந்த அலுவலகத்தில் ஆந்தைக்கு நிரந்தர வேலை. கழுகுக்கு நிரந்தர வேலை. வாயில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குக்கூட நிரந்தர வேலை. எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் யார் யாரோ செதுக்கிவிட்டுப் போன சித்திர எழுத்துகள் அத்தனைக்கும், உலகத்தின் எந்தக் கணினியிலும் செல்லுபடியாகும்படி ஆளுக்கோர் எண் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு தடவை கொடுத்த எண்ணைத் திரும்பப் பிடுங்க முடியாது. இடம் மாற்ற முடியாது. ஓய்வு வயதும் கிடையாது.

அவர்களையெல்லாம் வரைந்து உட்காரவைத்த பெண்மணிக்கு மட்டும் வருடா வருடம் ஒப்பந்தம்.

அலுவலகத்தில் அவளை வாத்தக்கா என்பார்கள். அந்தப் பழைய எழுத்தில் வாத்துகள் ஏராளம். நிற்கிற வாத்து, பறக்கிற வாத்து, தரையில் இறங்கப் போகிற வாத்து, அறுபட்டுக் கழுத்து தொங்குகிற வாத்து என்று ஒரு பண்ணையே உண்டு. அத்தனையையும் வரைந்தவள் அவள். அதற்கு முன்னால் ஓர் அச்சகத்தில் மாட்டுத் தீவனப் பைகளுக்குப் பசு வரைந்துகொண்டிருந்தாள். அந்தப் பசுவின் முதுகுக் கோடு ஒரே இழுப்பில் வந்திருப்பதைப் பார்த்த இயக்குநர், "இந்தக் கை நமக்கு வேணும்" என்று சொல்லி அழைத்துவந்தார். கையைத்தான் கேட்டார். கையோடு சேர்ந்து ஓர் ஆளும் வருவாள், அவளுக்கும் வாழ்க்கை என்று ஒன்று இருக்கும் என்பது பதினோரு வருடங்களாகியும் அவர் கவனத்துக்கு வரவில்லை.

வேலை கேட்பதற்குச் சுலபம். பழைய புத்தகங்களிலும் புகைப்படங்களிலும் கிடைக்கிற குறியைப் பார்த்துச் சுத்தமான கோடுகளாகக் கணினியில் வரைய வேண்டும். அது ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற குறியா, புதியதா என்று பார்க்க வேண்டும். புதியது என்றால் இரண்டு சாட்சிகள் வேண்டும். அதாவது, இரண்டு வெவ்வேறு இடங்களில் அந்தக் குறி இருந்தாக வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் அது செதுக்கியவனின் கைப்பிசகாக இருக்கலாம். இரண்டு சாட்சிகளோடு அனுப்பினால், உலக அளவில் இதற்கென்றே இருக்கிற குழு பரிசீலித்து எண் கொடுக்கும்.

அந்த அலுவலகத்துக்கென்று ஒரு தொற்றுநோயும் உண்டு. சுவர்களில் அந்த எழுத்து இடமிருந்தும் ஓடும், வலமிருந்தும் ஓடும். வரி எந்தப் பக்கம் தொடங்குகிறதோ அந்தப் பக்கம் பார்த்தபடி மனிதர்களும் பறவைகளும் இருப்பார்கள். கணினியிலோ எல்லோரும் இடப்பக்கம்தான் பார்க்க வேண்டும். அதனால் எந்தப் படம் வந்தாலும், வலப்பக்கம் பார்த்தால் உடனே கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிவிடுவார்கள். யோசிப்பதே இல்லை. மூக்கு அரித்தால் சொறிவது போல, கை தானாகப் போய்த் திருப்பிவிடும். எதிர் மேசையில் இருந்த சரிபார்ப்பவர் ஒரு நாள் தன் கல்யாணப் போட்டோவையே திருப்பிவிட்டார். அத்தனை வருடமாக வலப்பக்கம் நின்ற மனைவி இடப்பக்கம் வந்து நின்றாள். "ஒண்ணும் வித்தியாசம் தெரியலக்கா" என்றார்.

வாத்தக்காவின் வீடு என்று சொல்லக்கூடாது. நாத்தனார் வீட்டு மாடி என்றுதான் சொல்ல வேண்டும். நாத்தனாரே தினம் இரண்டு தடவை அப்படிச் சொல்லித் திருத்துவார். கல்யாணமாகி வந்த அன்றிலிருந்து அந்த மாடியில்தான் குடித்தனம். வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது, கொடிக்கம்பியில் பாதிக்கு மேல் துணி போடக்கூடாது, எட்டு மணிக்குப் பிறகு நாற்காலி நகரக்கூடாது. இரும்புக் கட்டில் ஒன்று மட்டும்தான் சத்தம் போடாமல் கீழ்ப்படிந்தது. அதற்குக்கூட நாத்தனார் நேரில் வந்து காலுக்குத் துணி சுற்றிவிட்டுப் போனார்.

கணவர் நல்லவர். பத்து வருடங்களுக்கு முன்னால் மேலாளரோடு கொள்கை அளவில் மாறுபட்டு வேலையை விட்டவர். அது என்ன கொள்கை என்பது இன்றுவரை வெளியிடப்படவில்லை.

சாயங்காலம் அவள் படியேறும்போது கீழிருந்து குரல் வரும்.

"என்னம்மா, இன்னைக்கு வாத்து எத்தனை முட்டை போட்டுச்சு?"

"இன்னைக்குக் கொக்கு அண்ணி."

"அட! கொக்குக்குச் சம்பளம் கூடவா குறைச்சலா?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான் அண்ணி."

"அப்போ யானை ஏதாவது வரையேன். பெருசா இருக்கும், ஒரு மாசம் ஓடும்."

அலுவலகத்துக்குப் பின்புறம் ஊழியர் குடியிருப்பு இருந்தது. நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். அதில் கடைசி வரிசையில் பச்சைக் கதவு போட்ட இரண்டு அறை வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாத்தக்கா அந்தப் பக்கமாக ஒரு நடை போவாள். சன்னல் கண்ணாடியில் கையை வைத்து மறைத்து உள்ளே பார்ப்பாள். சமையலறை மேடை, சுவரில் இரண்டு ஆணி, தரையில் ஒரு செத்த பல்லி. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சமையலறையில் பாத்திரம் கீழே விழுந்தால் யாரும் கீழிருந்து தடியால் கூரையைத் தட்ட மாட்டார்கள். காதலனைப் பார்ப்பது போல அந்தக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். நிரந்தரம் என்றால் அவளுக்குச் சம்பளமோ சலுகையோ அல்ல. அந்தக் கதவுதான்.

இப்படி இருக்கையில்தான் அவளுக்கு அந்தப் பெண் கிடைத்தாள்.

ஒரு பழைய புத்தகத்தில் கல்லறைச் சுவரின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண். கை வழக்கம்போலத் திருப்பிவிட்டது. இப்போது இடப்பக்கம் பார்த்தாள். மடியில் ஒரு சிறு கிண்ணம். பட்டியலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் நிறைய இருந்தார்கள். பூ வைத்திருப்பவள், குழந்தைக்குப் பால் கொடுப்பவள், பிரசவிப்பவள். மடியில் கிண்ணம் வைத்தவள் இல்லை. ஒரு வாரம் தேடியதில் பிற்காலத்துப் புத்தகம் ஒன்றில் கோட்டுப் படமாக அதே பெண் அகப்பட்டாள். இவள் ஏற்கெனவே இடப்பக்கம் பார்த்திருந்தாள். மடியில் கிண்ணம், இன்னும் தெளிவாக, விளிம்போடு. இரண்டு சாட்சிகளும் ஆயிற்று.

வாத்தக்கா இயக்குநரின் அறைக்கு ஓடினாள்.

"சார், இவ யாருக்காகவோ சோத்தை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா சார். வர்றேன்னு சொல்லிட்டுப் போனவன் வரல. சோறு ஆறிப் போச்சு. அவ எந்திரிக்கல. நாலாயிரம் வருஷமா எந்திரிக்கல சார்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். இயக்குநரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அருமைம்மா. இதை நான் சொல்லிக்கிறேன்" என்றார். சொல்லிக்கொண்டார். வெளிநாட்டுக் கருத்தரங்குகளில், பெரிய திரையில் அந்தப் பெண்ணைக் காட்டி, காத்திருக்கும் தாய்மை பற்றி உருக்கமாகப் பேசினார். கருத்து அவருடையதாகவும் கண்ணீர் அவளுடையதாகவும் நியாயமாகப் பிரித்துக்கொள்ளப்பட்டது.

குறிக்கு எண்ணும் ஒதுக்கப்பட்டது. பட்டியல் வெளிவரப் போகிறது என்று செய்தி வந்த அன்று இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

"பட்டியல் வரட்டும்மா. ஒரு நிரந்தர இடம் வருது. அது யாருக்குன்னு நான் வாய் விட்டுச் சொல்லணுமா என்ன?"

அவர் வாய் விட்டுச் சொல்லவில்லை என்பதை வாத்தக்கா கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் யார்தான் கவனிக்கிறார்கள்? அன்றைக்குப் பச்சைக் கதவைத் தொட்டே பார்த்துவிட்டு வந்தாள். மாடிப்படியில் செருப்போடு ஏறினாள்.

சில நாட்களில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தக் கல்லறைச் சுவரைச் சுத்தம் செய்து முடித்தவர்கள், அதன் பழைய படத்தைப் பயன்படுத்திய எல்லோருக்கும் புதிய வண்ணப் படங்களை மரியாதைக்கு அனுப்பியிருந்தார்கள். மரியாதை எப்போதும் ஆபத்தானது. தன் பெண்ணை வண்ணத்தில் பார்க்கும் ஆசையோடு வாத்தக்கா படத்தைத் திறந்தாள்.

பெண் இருந்தாள். கூந்தல் கறுப்பு, உடை வெள்ளை. மடி காலி.

கறுப்பு வெள்ளையில் கிண்ணமாகத் தெரிந்தது கல் பெயர்ந்த பள்ளம், அதைப் புதுப் பூச்சு போட்டு அடைத்திருந்தார்கள். வெடிப்பு ஒன்று மேலிருந்து சாய்வாக இறங்கி மடியில் முடிந்திருந்தது.

அவள் பதறவில்லை. ஒரு சாட்சி போனால் என்ன, இன்னொரு சாட்சி இருக்கிறதே. கோட்டுப் படப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். பெண்ணுக்குப் பின்னால் ஒரு வாத்து நின்றது. வாத்துகள் விஷயத்தில் அவள் கண்ணை ஏமாற்ற முடியாது. அதற்கு அலகு இல்லை. வண்ணப் படத்தைப் பார்த்தாள். அங்கும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு வாத்து. அதே வெடிப்பு அதன் அலகைத் தின்றுவிட்டுத்தான் மடிக்கு இறங்கியிருந்தது.

"தம்பி, கொஞ்சம் இங்க வாங்க."

சரிபார்ப்பவர் வந்தார்.

"இந்த வாத்துக்கு மூக்கு இருக்கா?"

"இல்லக்கா."

"இதுக்கு?"

"இதுக்கும் இல்ல."

"ரெண்டு ஊருல ரெண்டு வாத்துக்கு ஒரே மாதிரி மூக்கு உடையுமா?"

சரிபார்ப்பவர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அக்கா, இதை நான் பாக்கல."

"இப்பத்தானே பாத்தீங்க?"

"பாத்தேன். ஆனா பாக்கல."

நடந்தது இதுதான். பிற்காலத்துப் புத்தகக்காரர் எந்தச் சுவரையும் போய்ப் பார்க்கவில்லை. பழைய புத்தகத்தின் புகைப்படத்தை வைத்தே வரைந்திருக்கிறார். வரையும்போது வசதிக்காக இடப்பக்கம் திருப்பியிருக்கிறார். அவருக்கும் அதே வியாதி. பெயர்ந்த கல்லுக்கு விளிம்பு போட்டு அழகான கிண்ணமாகவும் ஆக்கிவிட்டார். ஒருத்தி வலப்பக்கமும் ஒருத்தி இடப்பக்கமும் பார்த்ததால் இருவரும் வேறு வேறு சுவர் என்று வாத்தக்கா முடிவு கட்டிவிட்டாள். ஒரே பெண்ணை இரண்டு தடவை சாட்சிக்கூண்டில் ஏற்றியிருந்தாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கட்டிலில் சாய்ந்தபடி, நீதிபதி மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சரி. இதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

"இல்லாத கிண்ணங்க அது."

"பாவம், இத்தனை வருஷமா வெறுங்கையோட உக்காந்திருந்தா. நீ ஒரு கிண்ணம் குடுத்த. நல்ல காரியம்தானே?"

"விளையாடாதீங்க."

"அந்தப் பாஷை பேசுற ஆளு ஒருத்தனாவது உயிரோட இருக்கானா? இருந்தா வந்து கேக்கட்டும், எங்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிறேன். நீ வாயை மூடிட்டு அந்தப் பச்சைக் கதவுச் சாவியை வாங்கிட்டு வா."

கதவருகே மூச்சு வாங்கும் சத்தம். நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வலி என்று வருடக்கணக்கில் மாடி ஏறாதவர்.

"உண்மையை மறைக்கக் கூடாதும்மா" என்றார். "நாளைக்கே போய்ச் சொல்லிடு. எங்கப்பா எங்களை அப்படி வளக்கல."

"அக்கா, நீ எப்பலேர்ந்து இப்படியெல்லாம் பேச ஆரம்பிச்ச?" என்று கணவர் எழுந்து உட்கார்ந்தார்.

"தப்புன்னா தப்புதாண்டா. வேலை போனா போகட்டும். தலைக்கு மேல கூரை நான் குடுத்திருக்கேன்ல? எங்க போகப் போறீங்க?"

நேர்மை இப்படித்தான் சில சமயம் முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் படியேறி வரும். மாடி காலியானால் அதட்டுவதற்கு ஆள் வேண்டும் அல்லவா? புதிதாகக் குடிவருகிறவர்கள் வாடகை கொடுப்பார்கள். வாடகை கொடுப்பவர்களை அதட்ட முடியாது.

வாத்தக்கா அன்று சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் போய்க் கணினியைத் திறந்து அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல அவளுக்குப் பயம் கிடையாது. நாத்தனாரிடம் தினமும் சொல்லிப் பழகியவள்தான். ஆனால் அந்தப் பொய்களெல்லாம் மறுநாள் மறந்துபோகிற தற்காலிகப் பொய்கள், அவளைப் போலவே. நிரந்தரமாக ஒரு பொய் சொல்லி அவளுக்கு அனுபவம் இல்லை. இன்னும் நூறு வருடம் கழித்து யாரோ ஒருத்தி அந்தக் கிண்ணத்தைப் பார்த்துத் தன்னைப் போலவே மூக்கைச் சிந்தி அழுவாளே என்று நினைத்தாள். வெடிப்புக்காக அழுவாளே! இதை நினைத்ததும் இவளுக்கு அழுகை வந்தது. அழுதபடியே இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் இரண்டு படங்களையும் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்டுக்காரர்கிட்ட சார். அப்புறம் நாத்தனார்கிட்ட."

"நாத்தனார்கிட்டயா!" பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டது போல அலறினார். "ஏம்மா, அந்தக் கிண்ணத்தைப் பத்தி எத்தனை நாட்டுல பேசியிருக்கேன் தெரியுமா? எழுந்து நின்னு கை தட்டினாங்க. ஒருத்தர் அழுதே அழுதுட்டாரு."

"நானும் அழுதேனே சார்."

"அது வேற."

"எடுத்துடச் சொல்லி எழுதுங்க சார். இன்னும் பட்டியல் வெளியே வரலையே."

"நான் எழுத மாட்டேன். நீங்களும் எழுதக் கூடாது. நிரந்தரம் வேணுமா, வேண்டாமா?"

பச்சைக் கதவு அவள் கண்ணுக்குள் ஒரு தடவை திறந்து மூடியது. ஒரு நல்ல கதாநாயகி இந்த இடத்தில் நிமிர்ந்து நின்று நான்கு வசனம் பேசுவாள். வாத்தக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வேணும் சார்" என்றாள். வெளியே வந்து, தன் மேசைக்குப் போய், குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள். நீண்ட கடிதம். வாத்தின் அலகிலிருந்து தொடங்கித் தன் நாத்தனாரின் முழங்கால் வரைக்கும் எழுதியிருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க வழியில்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தார். வருத்தத்தை நன்றாகவே தெரிவித்தார், கருத்தரங்குகளில் பழகிய குரல். அதே சூட்டில் தன் பங்குக்குக் குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதினார். கிண்ணத்தைப் பற்றித் தமக்குத் தொடக்கத்திலிருந்தே சந்தேகம் இருந்ததாகவும், ஆழ்ந்து கவனித்து வந்ததாகவும், இந்தத் தவற்றைத் தம் நிறுவனமே கண்டுபிடித்ததில் பெருமை கொள்வதாகவும் அதில் கண்டிருந்தது.

வாத்தக்கா தன் மேசையைக் காலி செய்தாள். ஒரு டீ டம்ளர், கழுத்து வலிக்கு ஒரு தலையணை, அச்சகத்து நாளில் வரைந்த பசு படம். வீட்டுக்கு வந்தாள். நாத்தனார் சுடச்சுடச் சாப்பாடு மேலே அனுப்பினார். கொடிக்கம்பி முழுவதும் துணி போட்டுக்கொள்ளலாம் என்றார். கணவருக்குக்கூடப் பயமாகிவிட்டது.

"இவ்வளவு நல்லா நடந்துக்கிறாளே, நாம இனி எங்கயுமே போக முடியாதுன்னு முடிவே பண்ணிட்டாளா?"

"நீங்க ஒரு வேலைக்குப் போயிருந்தா?"

"இப்ப அந்தப் பேச்சு எதுக்கு?"

ஒரு வாரம் போனது. குழுவிடமிருந்து நிறுவனத்துக்குப் பதில் வந்தது. இருவருக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள். ஆனால் பட்டியல் முடிவாகி மூடப்பட்டுவிட்டது, எண் கொடுத்தாகிவிட்டது, குறியை இனி எடுக்க இயலாது. வேண்டுமானால் பக்கத்தில் ஒரு குறிப்பு சேர்க்கலாம்: "இக்குறி உள்ளது. ஆனால் பயன்படுத்த வேண்டாம்." இல்லாத ஒன்று இப்படி இருந்துகொண்டே இருக்கப் போவதால், உலகத்தில் யார் எப்போது அதைப் பற்றிக் கேட்டாலும் விளக்கம் சொல்ல ஒருவர் வேண்டும். நிறுவனம் தொடக்கத்திலிருந்தே ஆழ்ந்து கவனித்து வந்திருப்பதால், நிரந்தரப் பொறுப்பாளர் ஒருவரை அங்கேயே நியமிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த பட்டியலுக்கு அந்த நிறுவனத்திடமிருந்து எந்தக் குறியும் ஏற்கப்படாது.

நிரந்தர இடம் ஒன்றுதான் இருந்தது. அந்த இடத்துக்கு இயக்குநர் வாய் விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்த ஆள் யார் என்பது இப்போது வெளியே வந்தது. அவருடைய மைத்துனர். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு பேட்டிக்கு வந்தார். நிர்வாக அதிகாரி பக்கத்தில் இருந்ததால் இயக்குநர் சம்பிரதாயத்துக்கு ஒரு கேள்வி கேட்டாக வேண்டியிருந்தது. இருப்பதிலேயே சுலபமானதாகத் தேர்ந்தெடுத்தார். திரையில் அந்தப் பெண்ணைக் காட்டி, "இவங்க எந்தப் பக்கம் பாக்குறாங்க?" என்றார்.

மைத்துனர் உற்றுப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு சொன்னார்: "என்னைத்தான் மாமா பாக்குறாங்க."

நிர்வாக அதிகாரி பேனாவை மூடிவைத்தார். பேட்டி முடிந்தது. நிறுவனத்தில் அந்தக் குறியின் வரலாறு தெரிந்த ஆள் வேறு யார் என்று அவர் கேட்டார். அறைக்கு வெளியே கோப்பு தேடுவது போல நின்றுகொண்டிருந்த சரிபார்ப்பவர், கேட்காமலேயே உள்ளே தலையை நீட்டி ஒரு தொலைபேசி எண்ணைச் சொன்னார்.

இப்படியாக, உண்மையைச் சொன்னதற்காக வேலை போன வாத்தக்காவுக்கு, தவறு செய்ததற்காக வேலை கிடைத்தது. அவள் வரைந்த நூற்றுக்கணக்கான சரியான குறிகள் பதினோரு வருடத்தில் வாங்கித் தராத நிரந்தரத்தை, தவறான ஒரு குறி ஒரே மாதத்தில் வாங்கித் தந்துவிட்டது. சரியான வேலைக்கு விளக்கம் யாரும் கேட்பதில்லை. அதனால் அதற்கு ஆளும் தேவைப்படுவதில்லை.

முதல் நாள் அவள் அந்தக் குறிப்பை உரக்கப் படித்தாள்.

"இருக்கு, ஆனா பயன்படுத்த வேண்டாம். நல்லாருக்குல்ல தம்பி? எங்க வீட்டுலயும் ஒண்ணு அப்படி இருக்கு."

"பக்கத்துல எழுதி ஒட்டிடுங்கக்கா" என்றார் சரிபார்ப்பவர்.

கடிதங்கள் வரத் தொடங்கின. பயன்படுத்த வேண்டாம் என்று எழுதியதும் அந்தப் பெண்ணின் மவுசு ஏறிவிட்டது. ஒருவர் அவளைத் தோளில் பச்சை குத்திக்கொண்டதாகப் படம் அனுப்பினார். ஓர் ஆராய்ச்சி மாணவி அந்தக் கிண்ணத்தை வைத்துப் பண்டைக்காலப் பசியைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதிவிட்டு, இப்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். கிண்ணத்தில் இருந்தது சோறா, கஞ்சியா என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். வாத்தக்கா எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள். கல் பெயர்ந்தது. படத்தைத் திருப்பினார்கள். நானும் திருப்பினேன். மடியில் ஒன்றும் இல்லை. அன்புடன்.

ஆராய்ச்சி மாணவிக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி சேர்த்தாள்: "நானும் அழுதேன், நீங்களும் அழுதிருப்பீர்கள், அது வீண் போகாது." வீண்தான். ஆனால் அரசாங்க முத்திரையுள்ள கடிதத்தில் இப்படி ஒரு வரி வந்தால் யாருக்கும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கும்.

குடிபெயர்ந்த அன்று நாத்தனார் வாசலில் நின்று அழுதார். தெருவே பார்க்கும்படி அழுதார்.

"என்னை இப்படித் தனியா விட்டுட்டுப் போறீங்களே! இனி மேல நாற்காலி நகர்ற சத்தத்தைக்கூடக் கேக்க முடியாதே!"

"அண்ணி, அதுக்குத்தானே திட்டினீங்க?"

"திட்டுறதுக்காவது அந்தச் சத்தம் வேணுமேடி!"

இதைக் கேட்டு வாத்தக்காவுக்கும் அழுகை வந்துவிட்டது. இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து, மூட்டை ஏற்ற வந்த வண்டிக்காரர், போகிறவர்கள் ஏதோ கடல் கடந்து போகிறார்கள் என்று நினைத்துக் கூலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். வண்டி இரண்டு தெரு தாண்டி நின்றதும் கூட்டிக் கேட்டார்.

பச்சைக் கதவு திறந்தது. பல்லியைக் கணவர் காகிதத்தால் எடுத்துப் போட்டார். பத்து வருடத்தில் அவர் முடித்த முதல் வேலை அது. சுவரில் இருந்த ஆணிகளில் ஒன்றில் பசு படத்தை மாட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"புதுசா வந்திருக்கீங்களா? எந்தப் பிரிவு?"

"விளக்கம் சொல்ற பிரிவுங்க."

"என்ன விளக்கம்?"

"இல்லாத ஒரு கிண்ணத்தைப் பத்தி."

"அதுக்கெல்லாமா ஆள் போட்டிருக்காங்க? தற்காலிகமா?"

"நிரந்தரமுங்க" என்றாள் வாத்தக்கா. அந்தச் சொல்லை வாய் நிறையச் சொன்னாள். பக்கத்து வீட்டு அம்மாள் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எது என்று புரியாவிட்டாலும் நிரந்தரம் என்றால் மதிப்புதானே.

கணவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் சமையலறையில் தனியாக நின்றாள். மேடை, குழாய், சன்னல். அலமாரியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து, வேண்டுமென்றே தரையில் போட்டாள். அது உருண்டு, சுழன்று, ஊரெல்லாம் கேட்கும்படி கத்திவிட்டுச் சுவரோரம் போய் அடங்கியது. யாரும் தட்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். அப்போதும் இல்லை. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, நெஞ்சு நிறைய, வாய் விட்டு அழுதாள். என்ன ஆச்சு என்று கேட்க மேலேயும் ஆள் இல்லை, கீழேயும் ஆள் இல்லை. அதனால் அழுகை சீக்கிரமே நின்றுவிட்டது. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, உலை வைத்தாள்.